பழைய கணக்கைக் கூட்டும் முன்

கேள்வி இது: “ஏற்கெனவே நாலு முறை உள்ளே போய்வந்தவன். ஐந்தாவது குற்றமும் நிரூபணமாகிவிட்டது. தண்டனையைச் சொல்வதுதான் பாக்கி. அப்போதும் நோட்டீஸ், வாய்ப்பு, விசாரணை என்று எதற்கு இழுக்கிறார்கள்? பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துக் கூட்டிக் கொடுத்துவிட்டால் ஆகாதா?”

நியாயமான எரிச்சல்தான். ஆனால் இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு விஷயம் நிரூபிக்கப்படாமல் உட்கார்ந்திருக்கிறது. “நாலு முறை உள்ளே போய்வந்தவன்” என்பதும் ஒரு குற்றச்சாட்டுதான். அதையும் யாரோ ஒருவர் எழுதித்தான் நீதிபதியின் மேசைக்கு வந்திருக்கிறது. எழுதியது சரியா, எழுதியிருப்பது இந்த ஆளைப் பற்றித்தானா, சட்டம் கணக்கில் எடுக்கச் சொல்லும் வகைக் குற்றமா என்று யாரும் பார்க்கவில்லை என்றால், ஐந்தாவது குற்றத்துக்கு அத்தனை ஒழுங்காக விசாரணை நடத்தியும் பயனில்லை. முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-ல் தீர்த்த டவுன்சென்ட் எதிர் பர்க் வழக்கு. பென்சில்வேனியாவில் ஒருவர் திருட்டு, கொள்ளைக் குற்றங்களை ஒப்புக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் வக்கீல் இல்லை. நீதிபதி கையில் பழைய வழக்குகளின் பட்டியல். வருடம் வருடமாக வாசித்துக்கொண்டே போகிறார்: கார் திருட்டு, சைக்கிள் திருட்டு, உள்ளே புகுந்து திருடியது. ஒரு பெயின்ட் கடையைக் கொள்ளையடித்தாயே என்று கேட்கிறார். “அது என் தம்பி” என்கிறார் நிற்பவர். உன்மேலும் வழக்கு நடந்ததல்லவா என்று மறுபடி கேட்க, “நடந்தது, ஆனால் நான் குற்றவாளி இல்லை” என்று பதில். நீதிபதி நிற்கவில்லை. அடுத்த வரி, திருட்டு சாக்ஸபோனை வாங்கி வைத்திருந்தது. சாக்ஸபோன் உனக்கு எதற்கு, ஜெயில் பேண்டில் வாசிக்கவா என்று ஒரு கிண்டல். அப்புறம் பத்து முதல் இருபது ஆண்டு சிறை.

பின்னால் ஆவணங்களைப் பார்த்தால், அந்த சாக்ஸபோன் வழக்கு மாஜிஸ்திரேட் அளவிலேயே தள்ளுபடியாகி அவர் விடுவிக்கப்பட்டிருக்கிறார். வாசித்த பட்டியலில் இன்னும் இரண்டு குற்றச்சாட்டுகளில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பத்து ஆண்டு அதிகம் என்பதற்காக அல்ல. அந்தத் தண்டனை சட்ட வரம்புக்குள்தான் இருந்தது. அவருடைய பழைய பதிவு பற்றிய பொய்யான அனுமானத்தின் மேல் அது நின்றது, அது தவறு என்று எடுத்துச் சொல்ல அருகில் ஆள் இல்லை. இதற்காகத்தான் ரத்து. அந்தப் பொய் அலட்சியத்தால் நுழைந்ததா, வேண்டுமென்றே நுழைக்கப்பட்டதா என்பதுகூட முக்கியமில்லை என்றார்கள்.

பட்டியல் என்றால் என்ன என்பதை இங்கேயே பார்த்துவிடுவோம். உதாரணத்துக்கு ஒருவர்மேல் ஒன்பது வழக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இன்னும் புலன்விசாரணையில் இருக்கின்றன, எஃப்.ஐ.ஆரைத் தவிர எதுவும் இல்லை. இரண்டில் விடுதலை. ஒன்று சமரசமாகி முடிந்தது. ஒன்றில் தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டது. மிச்சம் இரண்டு. அதில் ஒன்று அடிதடி, ஒன்று திருட்டு. இப்போது நிரூபணமாகியிருப்பதும் திருட்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 13) பழைய தண்டனையைக் காட்டி அதிகபட்ச வரம்பையே உயர்த்த அனுமதிக்கிறது. ஆனால் எல்லாக் குற்றங்களுக்கும் அல்ல. நாணயம் தொடர்பான, சொத்து தொடர்பான குறிப்பிட்ட அத்தியாயங்களில் வரும், மூன்றாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு மட்டும். அடிதடி அதில் வராது. ஆக, ஒன்பது என்று ஆரம்பித்தது ஒன்றில் வந்து நிற்கிறது.

அடிதடி வழக்கை நீதிபதி அடியோடு மறந்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. சாதாரண வரம்புக்குள் இரண்டு வருடமா மூன்று வருடமா என்று யோசிக்கும்போது அதையும் எடைபோடலாம். வரம்பையே உயர்த்துவது வேறு, வரம்புக்குள் ஏற்றி இறக்குவது வேறு. செய்தி வாசிக்கிற நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். நீதிமன்றத்தில் முதலாவதற்குக் கேட்கும் ஆதாரத்தின் தரமே வேறு.

தமிழில் “கேடி” என்று திட்டுகிறோமே, அது காவல்துறை பதிவேட்டில் இருந்த “நோன் டெப்ரடேட்டர்” (Known Depredator, அறியப்பட்ட கொள்ளைக்காரன்) என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான K, D-யிலிருந்து வந்த சொல். பதிவேட்டில் பெயர் ஏறுவதற்குத் தீர்ப்பு தேவையில்லை, சந்தேகமே போதும். காவலுக்குக் கண்காணிப்பு வேண்டும், அதற்கு அப்படியொரு பட்டியலும் வேண்டும், சரி. ஆனால் அந்தப் பட்டியல் அப்படியே தண்டனை நாளன்று நீதிபதியின் மேசைக்கு வந்தால் சந்தேகம் தீர்ப்பாக மாறிவிடுகிறது. 1871-ல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இதன் உச்சம். பிறந்த சமூகத்தை வைத்தே ஒருவரைப் பழக்கப்பட்ட குற்றவாளி என்று எழுதிக்கொண்டார்கள். 1952-ல்தான் அந்தச் சட்டம் நாடு முழுவதும் ரத்தானது.

சரி, பட்டியலில் இருப்பது உண்மையான தண்டனைதான். அது இந்த ஆளுடையதுதானா?

அபத்தமான கேள்வியாகத் தோன்றும். லண்டனில் அடால்ஃப் பெக் என்பவருக்கு நடந்ததைக் கேட்டால் அப்படித் தோன்றாது. 1877-ல் ஜான் ஸ்மித் என்ற பெயரில் ஒருவன் பெண்களை ஏமாற்றி நகைகளைப் பறித்து ஐந்தாண்டு தண்டனை பெற்றான். பல வருடங்கள் கழித்து அதே பாணியில் மோசடிகள் நடக்க, ஒரு பெண் தெருவில் பெக்கைப் பார்த்து இவன்தான் என்று கைகாட்டினார். 1877-ல் ஸ்மித்தைப் பிடித்த போலீஸ்காரரும் இவர்தான் அவர் என்று சத்தியம் செய்தார். அந்தக் காலத்தில் பெக் தென் அமெரிக்காவில் இருந்தார். அதைச் சொல்லிவிட்டால் வழக்கே உடைந்துவிடும். ஆனால் 1896-ல் விசாரணைக்கு வந்தபோது அரசுத் தரப்பு பழைய தண்டனை பற்றிய குற்றச்சாட்டைக் கையில் எடுக்கவில்லை. புதிய மோசடிகளை மட்டும் நடத்தியது. பழைய விஷயம் இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று நீதிபதி சொல்லிவிட, தான் ஸ்மித் இல்லை என்று நிரூபிக்கும் வாய்ப்பே பெக்குக்குக் கிடைக்கவில்லை. ஏழாண்டு தண்டனை.

இனிதான் வேடிக்கை. விசாரணையில் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிய பழைய தண்டனை, சிறை வாசலில் அவருக்கு முன்னால் போய் நின்றது. ஸ்மித்தின் பழைய கைதி எண்ணையே அவருக்குக் கொடுத்து, மறுபடி வந்தவர் என்பதற்கு ஓர் எழுத்தையும் சேர்த்தார்கள். 1898-ல் பழைய கோப்பைப் பார்த்த அதிகாரிகளுக்கு ஸ்மித் விருத்தசேதனம் செய்யப்பட்டவன், பெக் அப்படி இல்லை என்று தெரிந்தது. இரண்டு பேர் என்பது உறுதி. கைதி எண்ணை மாற்றினார்கள், தண்டனையை விட்டுவைத்தார்கள். வெளியே வந்தவரை 1904-ல் அதேபோன்ற புகாரில் மறுபடியும் குற்றவாளி என்றார்கள். தண்டனை சொல்ல நீதிபதி தயங்கித் தள்ளிவைத்த இடைவெளியில் அசல் ஆள் பிடிபட்டதால் தப்பினார். 1907-ல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உருவாக இந்த வழக்கு முக்கியக் காரணம்.

ஆகவே பழைய தண்டனையை நிரூபிக்க சான்றிட்ட தீர்ப்பு நகல் மட்டும் போதாது. இந்தியாவின் 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம், 298-ஆம் பிரிவில், நீதிமன்றப் பதிவின் சான்றிட்ட பகுதியையோ சிறை அதிகாரியின் சான்றையோ சிறைக்கு அனுப்பிய வாரண்டையோ காட்டினாலும், அதில் சொல்லப்படுபவரும் இங்கே நிற்பவரும் ஒருவரே என்பதற்குத் தனியாகச் சாட்சியம் வேண்டும் என்றது. 2023-ல் வந்த புதிய நடைமுறைச் சட்டமும் அதைத் தொடர்கிறது. கைவிரல் ரேகை வந்தபின் இது சுலபமாகிவிட்டது. ஆனாலும் ரேகையை ஒப்பிட்டு ஒருவர் வந்து சொல்ல வேண்டுமே தவிர, பெயரும் அப்பா பெயரும் ஒத்துப்போகிறது என்றால் போதாது.

அடுத்தது நேரம். பழைய தண்டனை எப்போது நீதிமன்றத்தின் காதில் விழ வேண்டும்? இந்தியச் சட்டத்தின் பதில் எனக்குப் பிடித்த ஒன்று, அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பழைய தண்டனையைக் காட்டிக் கூடுதல் தண்டனை கேட்கப்போகிறார்கள் என்றால், அந்தத் தண்டனை கிடைத்த செய்தி, தேதி, இடம் மூன்றும் குற்றச்சாட்டிலேயே எழுதப்பட வேண்டும். விட்டுப்போனால் தண்டனை சொல்வதற்கு முன் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, எழுத்தில் உண்டு. ஆனால் செஷன்ஸ் விசாரணையில் அந்தப் பகுதியை வாசிக்கக் கூடாது. அதற்கு ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கக் கூடாது. அரசுத் தரப்பு அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இப்போதைய குற்றத்தில் குற்றவாளி என்று முடிவான பிறகுதான் அந்த உறையைப் பிரிக்கலாம். அவர் மறுத்தால் அதற்கென்று சாட்சியம் எடுத்து, தனியாக ஒரு முடிவையும் பதிவு செய்ய வேண்டும். பழைய சட்டத்தில் 236-ஆம் பிரிவு, இப்போது 259.

ஏன் இந்தக் கண்ணாமூச்சி? “முன்னாடியே திருடினவன்தானே” என்ற நினைப்பு வந்துவிட்டால் பலவீனமான சாட்சியும் பலமாகத் தெரியும். வீட்டில் ஒரு தடவை பொய் சொல்லிப் பிடிபட்ட பிள்ளை, அப்புறம் எது உடைந்தாலும் அவன்தான். எல்லா நாடும் இப்படிக் கறாராக இல்லை. டெக்ஸஸில் முன்பெல்லாம் பழைய தண்டனையை ஜூரிகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, குற்றத்தை முடிவு செய்ய இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவுரை கொடுப்பார்கள். 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று அதை அனுமதித்தது. அந்த ஐந்து பேருடன் எனக்கு உடன்பாடில்லை. காதில் விழுந்ததைக் கேட்காததாக நினைத்துக்கொள் என்றால் யாரால் முடியும்?

முன்னறிவிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய தண்டனையைக் காட்டிக் கூட்டப்போகிறோம் என்று சொல்ல வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். அமெரிக்காவில் 1962-ல் வந்த ஆய்லர் எதிர் போல்ஸ் தீர்ப்பின் சாரம் இதுதான். முதல் விசாரணை தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை என்றார்கள்.

இதைவிடச் சிக்கல், “மறுபடி” என்ற சொல்லின் பொருள். முதல் குற்றத்துக்குத் தண்டனை வாங்கி, எச்சரிக்கை கிடைத்த பிறகும் செய்தால்தான் மறுபடியா? அல்லது இரண்டு குற்றம் செய்து இரண்டும் ஒரே சமயத்தில் தீர்ப்பானாலும் மறுபடியா? மும்பை சக்தி மில்ஸ் வழக்குகளில் இது உயிர் போகும் கேள்வியாகவே வந்தது. 2013-ல் சில வாரங்கள் இடைவெளியில் நடந்த இரண்டு பாலியல் வன்கொடுமைகள். 2014 மார்ச்சில் ஒரே நாளில் இரண்டிலும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதற்குப் பிறகு, இரண்டிலும் இருந்த மூன்று பேர்மேல் மறுகுற்றத்துக்கான, இந்திய தண்டனைச் சட்டத்தின் 376ஈ பிரிவைச் சேர்க்க அரசுத் தரப்பு மனுப்போட்டது. அந்தப் பிரிவில் மரண தண்டனைக்கும் இடமிருந்தது, அதுவே விதிக்கப்பட்டது. 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. குற்றத்தின் கொடூரத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தண்டனைக்குப் பிறகும் திருந்தாதவனுக்கு என்று நியாயம் சொல்லப்படும் ஒரு பிரிவை, இடையில் தண்டனையே பெறாதவர்மேல் போட்டால் அந்த நியாயம் எங்கே நிற்கும்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. அங்கே தண்டனையின் வரம்பை உயர்த்தும் எந்த உண்மையையும் ஜூரிதான் சந்தேகத்துக்கு இடமின்றி முடிவு செய்ய வேண்டும் என்று 2000-ல் அப்ரெண்டி வழக்கில் சொன்னார்கள். ஒரே விதிவிலக்கு, முந்தைய தண்டனை; அது ஏற்கெனவே முறையாக நிரூபிக்கப்பட்டதுதானே என்ற எண்ணம். ஆனால் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தவரின் மூன்று முந்தைய குற்றங்களும் வெவ்வேறு சந்தர்ப்பங்களில் நடந்திருந்தால் குறைந்தது பதினைந்து ஆண்டு என்று ஒரு சட்டம் இருக்கிறது. சில நாட்கள் இடைவெளியில் நடந்த திருட்டுகள் ஒரே சந்தர்ப்பமா, வெவ்வேறா? பழைய தீர்ப்பு நகலைப் பார்த்து நீதிபதியே சொல்லிவிட முடியாது, ஜூரி முன் வைக்க வேண்டும் என்று 2024-ல் எர்லிங்கர் வழக்கில் முடிவானது. ஒரு தண்டனை இருக்கிறது என்பது ஓர் உண்மை, அதற்குள் என்ன நடந்தது என்பது இன்னோர் உண்மை.

பழைய தண்டனையே கோணலாகக் கிடைத்தது என்றால்? அமெரிக்காவில் 1967-ல் பர்கெட் வழக்கிலும் 1972-ல் டக்கர் வழக்கிலும், வக்கீல் இல்லாமல் பெற்ற பழைய தண்டனையை வைத்துப் புதிய தண்டனையைக் கூட்டக் கூடாது என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1994-ல் கஸ்டிஸ் வழக்கில் அந்தக் கதவைப் பாதி சாத்திவிட்டார்கள்: வக்கீல் இல்லை என்ற குறையைத் தவிர வேறு குறைகளைப் புதிய தண்டனை நாளில் கிளறக் கூடாது. இல்லையென்றால் ஒவ்வொரு தண்டனை நாளும் பத்து வருடப் பழைய வழக்கின் மறுவிசாரணை ஆகிவிடும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. சின்ன வழக்குகளில் பலர் குற்றத்தை ஒப்புக்கொள்வது செய்ததனால் அல்ல. ஜாமீனுக்கு ஆள் இல்லை, வாய்தா வாய்தாவாக அலைய முடியாது, அபராதத்தைக் கட்டினால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அன்றைக்குப் போட்ட கையெழுத்து பத்து வருடம் கழித்து இன்னொரு வழக்கில் “முந்தைய தண்டனை” என்று எழுந்து நிற்கும். அதன் பின்விளைவை அன்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகாதா என்றும் சிலர் கேட்பார்கள். சட்டத்தின் பதில்: ஆகாது, இது புதிய குற்றத்துக்கான தண்டனைதான், திரும்பச் செய்ததால் அது கனமாகிறது. இந்தப் பதில் ஓர் எல்லை வரைதான் தாங்கும். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1988-ல் வீன் வழக்கில் அந்த எல்லையைச் சொன்னது: பழைய வரலாற்றைப் பார்க்கலாம், ஆனால் இப்போதைய குற்றத்தின் கனத்துக்குப் பொருந்தாத அளவு தண்டனையை அது இழுத்துச் சென்றால், பழைய குற்றத்துக்கே புதிதாகத் தண்டிப்பதாகிவிடும்.

இப்போது “வாய்ப்பு எதற்கு” என்ற கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 235(2) பிரிவு, குற்றவாளி என்று தீர்மானித்தபின் தண்டனை குறித்து அவரைக் கேட்டாக வேண்டும் என்றது. 1976-ல் சாந்தா சிங் வழக்கில் அப்படிக் கேட்காததற்காகவே உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை நீக்கி வழக்கைத் திருப்பி அனுப்பியது. நடைமுறையில் இது பல இடங்களில் ஒரு வரியில் முடிந்துவிடும். “தண்டனை பற்றி என்ன சொல்கிறாய்?” “வயதான அம்மா இருக்கிறாங்க ஐயா, குறைச்சு கொடுங்க.” பதிவாயிற்று, கேட்டாயிற்று. அல்லாவுதீன் மியான் வழக்கில் 1989-ல், பொதுவாகத் தீர்ப்பை ஒரு நாளும் தண்டனையை இன்னொரு நாளும் வையுங்கள், இருதரப்பும் ஆவணங்களோடு வரட்டும் என்று சொன்னது இதனால்தான்.

மறுகுற்றவாளிக்கு அந்த இடைவெளி மற்றவர்களைவிட அதிகம் தேவை. கடைசிக் குற்றத்துக்கும் இதற்கும் இடையில் எட்டு வருடம் ஒழுங்காக இருந்தாரா, பழைய குற்றங்கள் எல்லாம் குடிப்பழக்கம் இருந்த ஒரே காலத்தில் நடந்தவையா, குற்றங்கள் சிறிதாகிக்கொண்டே வருகின்றனவா பெரிதாகின்றனவா என்பதெல்லாம் பட்டியலில் தெரியாது. பட்டியல் எண்ணிக்கையைச் சொல்லும், போக்கைச் சொல்லாது.

நீதிபதிக்குத் தேர்வே இல்லாத சட்டத்தில் இந்த விசாரணை வெறும் சடங்காகிவிடும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவு, ஆயுள் தண்டனையில் இருப்பவர் கொலை செய்தால் மரண தண்டனை மட்டுமே என்றது. என்ன சூழ்நிலை, யார் தூண்டியது, எதுவும் கேட்க இடமில்லை. 1983-ல் மிட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று தள்ளியது. நேரடியாகப் பார்த்தால் அது மறுகுற்றவாளியின் வழக்குதான், அதுவும் மிகக் கடினமான வகை.

கடைசியாக ஒன்று. பழைய தண்டனை பின்னால் ரத்தானால் அதன் மேல் கட்டிய புதிய தண்டனை என்னாகும்? மிசிசிப்பியில் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தபோது, அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று 1963-ல் நியூயார்க்கில் அவர் பெற்ற தண்டனை. அந்தக் குற்றம் எப்படி நடந்தது என்று அரசுத் தரப்பு ஒரு சாட்சியையும் நிறுத்தவில்லை. ஜூரிகள் முன் இருந்தது அவரை அங்கே சிறைக்கு அனுப்பியதைக் காட்டும் ஆவணம் ஒன்றுதான். பிறகு நியூயார்க் நீதிமன்றம் அந்தப் பழைய தண்டனையை ரத்து செய்தது. மிசிசிப்பி நீதிமன்றம் அதனால் ஒன்றும் மாறாது என்றது. 1988-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தத் தாள் செல்லாததாகிவிட்டது, அதைக் காட்டி வாங்கிய மரண தண்டனையும் நிற்காது என்று ரத்து செய்து, வழக்கை மிசிசிப்பிக்கே திருப்பி அனுப்பியது.